வேலிச் சண்டையும் காணி ஆசையும்: இருவகைக் கொலை

யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நடும் கதியாலை ஓர் அடி தள்ளி நட்டதால் வந்த வாய்த்தர்க்கம் வெட்டில் முடிவதுண்டு. காணிக்காகவே ஆளைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுவதும் உண்டு.

முதலாவதில் இருப்பது ஆத்திரம். கையில் அகப்பட்ட அலவாங்கோ மண்வெட்டியோதான் ஆயுதம். அடுத்து என்ன நடக்கும் என்ற யோசனையே அங்கில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை இதற்குக் கொஞ்சம் இடம் விடுகிறது. கடுமையாகவும் திடீரெனவும் ஆத்திரமூட்டப்பட்டுத் தன்னிலை இழந்து செய்திருந்தால், 294ஆம் பிரிவின் விதிவிலக்குப்படி அது கொலையைவிடக் குறைந்த குற்றம். 20 ஆண்டுகள் வரை சிறை. ஆனால் அவமானத்தை நெஞ்சில் வைத்திருந்து, சில நாள் கழித்துப் போய் வெட்டினால் அந்தச் சலுகை கிடைப்பது கடினம். கோபம் ஆற நேரம் இருந்ததே!

ஆதாயத்துக்கான கொலைக்கு இந்த வாதம் எதுவும் பொருந்தாது. மரண தண்டனைதான் தீர்ப்பு. ஆனால் இலங்கையில் 1976க்குப் பிறகு எவரும் தூக்கிலிடப்படவில்லை.

எனக்கு முதலாவதுதான் அதிகம் வலிக்கிறது. கணக்குப் போட்டுக் கொல்பவரைத் தடுப்பது கடினம். வேலிச் சண்டையை அப்படி விடலாமா? நில அளவையாளரைக் கூப்பிடலாம், பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் இணக்கசபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணியும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை.