எல்க் டேக்குக்குப் பத்து வருடத் திட்டம்: எந்த மாநிலத்துப் பாயின்ட் பலன் தருகிறது, எது தண்டம்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் எல்க் (பெரிய மான் இனம்), ம்யூல் மான், ப்ராங்ஹார்ன் (மறிமான் போன்ற விலங்கு), பிக்ஹார்ன் ஆடு வேட்டைக்கு லைசன்ஸ் மட்டும் போதாது. இன்ன யூனிட் (வேட்டைப் பகுதி), இன்ன சீசன், இன்ன ஆயுதம் என்று குறித்த டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) வேண்டும். நல்ல யூனிட்டுகளின் டேக் குலுக்கலில்தான் கிடைக்கும். கிடைக்காதவருக்குப் பெரும்பாலான மாநிலங்கள் ஒரு பாயின்ட் கொடுக்கும், அது அடுத்த குலுக்கல்களில் வாய்ப்பைக் கூட்டும். இதைச் சேமிப்புக் கணக்கு மாதிரி நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். பாயின்ட்டுக்கு வட்டி கிடையாது, அதன் மதிப்பு வருடா வருடம் தேய்கிறது.

தேய்வது எப்படி என்று வயோமிங்கை வைத்துப் பார்க்கலாம். அங்கே வெளிமாநிலத்தவருக்கான எல்க் டேக்குகளில் 75 சதவீதம் பாயின்ட் அதிகம் உள்ளவர்களுக்கு வரிசைப்படி போகும், 25 சதவீதம் பாயின்ட் பார்க்காத குலுக்கல். ஒரு யூனிட்டில் வரிசைப்படி போவது 8 டேக் என்று வையுங்கள். மாநிலத்தின் போன வருடக் குலுக்கல் அறிக்கையில், அதற்கு மேல் பாயின்ட் உள்ளவர்கள் 4 எடுத்துக்கொள்ள, 9 பாயின்ட் வரிசையில் 60 பேர் கேட்டு 4 பேருக்குக் கிடைத்திருக்கிறது. "9 பாயின்ட் இருந்தால் கிடைக்கும்" என்று இதைப் படித்தால் தப்பு. மீதி 56 பேர் அடுத்த வருடம் 10 பாயின்ட்டோடு நிற்பார்கள். 56ஐ 8ஆல் வகுத்தால் 7. புதிதாக யாருமே வராவிட்டாலும் அந்த ஒரு கூட்டம் கரைய ஏழு வருடம் ஆகும். இன்று 7 பாயின்ட் வைத்திருப்பவர் இரண்டு வருடத்தில் முறை வரும் என்று எண்ணிக்கொண்டிருப்பார். இதற்கு மேல் இன்னொரு சிக்கல்: பாயின்ட் யூனிட்டுக்கு உரியது அல்ல, விலங்குக்கு உரியது. பெரிய யூனிட்டுக்காக 18 பாயின்ட் சேர்த்துச் சலித்தவர், ஒரு நாள் உங்கள் யூனிட்டுக்கு இறங்கிவந்து முன்னால் நின்றுகொள்வார். ரேஷன் கடை வரிசையில் பக்கத்து வரிசைக்காரரை நமக்கு முன்னால் விட்டது போலத்தான். இதைத்தான் பாயின்ட் கிரீப் என்கிறார்கள். அதனால் அறிக்கையைப் படிக்கும்போது கடைசி வருடத்தை மட்டும் பார்க்காமல் மூன்று, நான்கு வருடங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். தேவையான பாயின்ட் வருடத்துக்கு ஒன்று கூடுகிறது என்றால் நீங்கள் ஓடியும் இருந்த இடத்திலேயே நிற்கிறீர்கள்.

கொலராடோவில் நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. வடமேற்கு மூலையில் உள்ள 2, 10, 201 யூனிட்டுகளின் ஆண் எல்க் டேக்குக்கு 20 பாயின்ட்டைத் தாண்டியவர்களே காத்திருக்கிறார்கள். இன்று பூஜ்யத்தில் தொடங்குகிறவர் அவற்றை மறந்துவிடுவது நல்லது. பத்துப் பாயின்ட்டோ அதற்கு மேலோ கேட்கும் வேட்டைகளில் 20 சதவீதம் வரை டேக்கைக் குறைந்தது 5 பாயின்ட் உள்ளவர்களுக்குக் குலுக்கலில் விடுகிறார்கள். அது ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். கொலராடோவின் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. விண்ணப்பத்தில் முதல் தேர்வு, இரண்டாம் தேர்வு என்று விருப்ப வரிசையில் நான்கு வேட்டைகளைக் குறிக்கலாம். முதல் தேர்வில் கிடைத்தால் மட்டுமே பாயின்ட் பூஜ்யமாகும். முதல் தேர்வில் 'பாயின்ட் மட்டும்' என்ற 999 குறியீட்டைப் போட்டு, இரண்டாம் தேர்வில் கூட்டம் குறைந்த யூனிட்டைக் கேட்டால், டேக்கும் கிடைக்கலாம், பாயின்ட்டும் ஒன்று கூடும்.

விண்ணப்பத்தில் வேட்டையின் குறியீட்டை எழுதும்போது எழுத்துகளைக் கவனியுங்கள். இரண்டாவது எழுத்து எம் என்றால் ஆண், எஃப் என்றால் பெண். ஓ1, ஓ2 என்று ரைபிள் சீசனைக் குறிப்பதில் வருவது ஓ என்ற எழுத்து, பூஜ்யம் அல்ல. ஒரு எழுத்து மாறினால் பல வருடப் பாயின்ட் பெண் எல்க் டேக்கில் கரைந்துபோகும்.

நெவாடா, அரிசோனா, யூட்டா மூன்றிலும் கணக்கு வேறு. நெவாடாவில் பாயின்ட்டை வர்க்கப்படுத்தி, இந்த வருட விண்ணப்பத்துக்கு ஒன்று கூட்டுகிறார்கள். 9 பாயின்ட்காரருக்குக் குலுக்கலில் 82 எண்கள், புதியவருக்கு ஒன்று. ஆனாலும் அந்த ஒற்றை எண்ணும் ஜெயிக்கலாம். உங்கள் முறை வரும்போது ஐந்து தேர்வுகளையும் வரிசையாகப் பார்த்துவிட்டே அடுத்தவருக்குப் போகிறார்கள். ஆகவே அங்கே ஐந்தையும் நிரப்பாமல் விடுவது வீண். அதே சமயம், போக மனமில்லாத யூனிட்டை ஐந்தாவதாகப் போடுவதும் ஆபத்து, அது கிடைத்தாலும் பாயின்ட் போய்விடும். அரிசோனா 20 சதவீத டேக்கை உச்சப் பாயின்ட்காரர்களுக்கு ஒதுக்கிவிட்டு மீதியைக் குலுக்குகிறது. அங்கே ஐந்து வருடம் விடாமல் விண்ணப்பித்தால் ஒரு லாயல்டி பாயின்ட், ஹன்டர் எஜுகேஷன் வகுப்பு முடித்தால் நிரந்தரமாக ஒன்று. யூட்டா பாதி டேக்கை மேலிருந்து கொடுத்து, பாதியைப் பாயின்ட் எடையோடு குலுக்குகிறது. உள்ளூர்வாசி லிமிடெட் என்ட்ரி (எண்ணிக்கை வரையறுத்த டேக்) மான், எல்க், ப்ராங்ஹார்னில் ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். வெளிமாநிலத்தவருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வெளியூர்க்காரருக்குச் சாதகமான விதி இந்தத் துறையில் அபூர்வம்.

நியூ மெக்சிகோவிலும் ஐடஹோவிலும் பாயின்ட்டே கிடையாது. நியூ மெக்சிகோவில் 84 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு (வேட்டைக்கு அழைத்துப்போகும் தொழில்காரர்) ஒப்பந்தம் போட்டவர்களுக்கு, மீதி 6 சதவீதம்தான் தனியாகப் போகும் வெளிமாநிலத்தவருக்கு. வாய்ப்பு குறைவுதான். ஆனால் முப்பது வருடம் காத்தவரும் இன்று வந்தவரும் அங்கே சமம். தாமதமாகத் தொடங்கியவர்கள் இந்த இரண்டிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம். நியூ மெக்சிகோவில் டேக் கட்டணத்தை முன்கூட்டியே கட்ட வேண்டும். அங்கே பிக்ஹார்னுக்கு 3,000 டாலருக்கு மேல் சில வாரம் முடங்கும், கிடைக்காவிட்டால் திரும்ப வரும்.

செலவைப் பத்து வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். வயோமிங்கில் வெளிமாநிலத்துப் பெரியவருக்கு ஒரு பாயின்ட்டின் விலை எல்க்குக்கு 52 டாலர், மானுக்கு 41, ப்ராங்ஹார்னுக்கு 31. வருடத்துக்கு 124, பத்து வருடத்துக்கு 1,240. அரிசோனாவில் விண்ணப்பிக்கவே லைசன்ஸ் வேண்டும், வெளிமாநிலத்தவருக்கு அது 160 டாலர். நெவாடாவிலும் லைசன்ஸ் இல்லாமல் விண்ணப்பம் இல்லை. எல்லா மாநிலத்திலும் கால் வைத்தால், பத்து வருடத்தில் கட்டிய தொகைக்கு வழிகாட்டியோடு போகும் ஒரு கைடட் வேட்டையே போயிருக்கலாம். சுமாரான வரும்படி உள்ளவருக்கு மூன்று மாநிலம் போதும்: வருடா வருடம் போக ஒன்று, மூன்று முதல் ஆறு பாயின்ட்டில் செலவழிக்க ஒன்று, குலுக்கல் அதிர்ஷ்டத்துக்கு ஒன்று. நடுவில் சொன்ன மாநிலத்துப் பாயின்ட்டைச் சேர்த்தவுடன் செலவழித்துவிடுங்கள். "இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் இதைவிட நல்ல யூனிட்" என்ற எண்ணம்தான் பலரை முழங்கால் வலிக்கிற வயது வரை இழுத்துவிடுகிறது.

சுலபமாகக் கிடைக்கும் டேக்குக்குக் காரணம் இருக்கும். கிழக்கு வயோமிங்கில் பல ப்ராங்ஹார்ன் யூனிட்டுகள் தனியார் ரேன்ச்சுகளால் (கால்நடைப் பண்ணைகளால்) நிரம்பியவை. டேக் கையில் இருக்கும், கால் வைக்க நிலம் இருக்காது. அறிவிக்கப்பட்ட வில்டர்னஸ் (மனிதத் தலையீடு இல்லாமல் காக்கப்படும் காட்டு நிலம்) பகுதிகளில் வெளிமாநிலத்தவர் கைடோ உள்ளூர்த் துணையோ இல்லாமல் பெரிய விலங்கு வேட்டையாட வயோமிங் சட்டம் விடாது. வயோமிங்கின் தோரோஃபேர் என்ற காட்டுப் பகுதிப் பக்கம் கேட்பவர்கள் வரைபடத்தில் வில்டர்னஸ் எல்லையைப் பார்த்த பிறகே யூனிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கூட்டாக விண்ணப்பித்தால் கொலராடோ குழுவில் மிகக் குறைந்த பாயின்ட்டை எடுத்துக்கொள்கிறது, வயோமிங் சராசரி பார்க்கிறது. 8 பாயின்ட்காரரும் பூஜ்யக்காரரும் சேர்ந்தால் கொலராடோவில் பூஜ்யம், வயோமிங்கில் 4.

எச்1பி போன்ற விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: கூட்டாட்சிச் சட்டப்படி நான்-இமிக்ரன்ட் விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் வைத்திருப்பது அதில் ஒரு விலக்கு. லைசன்ஸ் காலாவதியானால் விலக்கும் போய்விடும்.

பாயின்ட் போவது பெரும்பாலும் மறதியால்தான். வயோமிங்கிலும் நெவாடாவிலும் தொடர்ந்து இரண்டு வருடம் எதுவும் செய்யாவிட்டால் எல்லாம் அழியும், கொலராடோவில் பத்து வருடம். வெளிமாநிலத்தவரின் வயோமிங் எல்க் விண்ணப்பமும் அரிசோனா எல்க் விண்ணப்பமும் பிப்ரவரி முதல் நாட்களில் முடிகின்றன, நியூ மெக்சிகோ மார்ச்சில், கொலராடோ ஏப்ரல் முதல் செவ்வாயன்று, நெவாடா மே மாதத்தில். அரிசோனா டேக் பணத்தைக் குலுக்கல் நேரத்தில்தான் கார்டிலிருந்து எடுக்கும். நடுவில் கார்டு மாறியிருந்தால் கிடைத்த டேக்கும் கை நழுவும், வங்கிக்காரர் புதிய கார்டு அனுப்பிய அன்றே கணக்கில் எண்ணை மாற்றிவிட வேண்டும். அங்கே பாயின்ட்கார்ட் (PointGuard) என்ற பாயின்ட் காப்பு வசதியை விண்ணப்பிக்கும்போதே சில டாலருக்கு வாங்கிவையுங்கள். போக முடியாமல் போனால் சீசன் தொடங்கும் முன் டேக்கைத் திருப்பிக் கொடுத்துப் பாயின்ட்டை மீட்கலாம். டேக் கட்டணம் மட்டும் திரும்ப வராது.