நாஜி சுவரொட்டி: ஃபிராக்டூர் எழுத்தா, ஆன்டிக்வாவா?

நாஜி ஜெர்மனியை நாடக மேடையில் காட்டுபவர்கள் சுவரொட்டிக்கு எந்த எழுத்து என்று தடுமாறுகிறார்கள்: கோணல் கோடுகள் கொண்ட பழைய ஜெர்மன் கோதிக் வகையான ஃபிராக்டூரா, இன்று வழக்கிலுள்ள ரோமன் எழுத்தான ஆன்டிக்வாவா?

காலம்: ஃபிராக்டூர், 1930களுக்கு. ஆன்டிக்வா, பெரும்பாலும் 1941க்குப் பிறகு. அவ்வாண்டு ஜனவரி 3 அன்று நாஜிக் கட்சியின் உயர் அதிகாரி மார்ட்டின் போர்மன் அனுப்பிய சுற்றறிக்கை கோதிக் எழுத்தை ‘யூத எழுத்து’ என்று ஒதுக்கியது. அப்பட்டமான பொய். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடிதத்தாளின் தலைப்பே கோதிக் எழுத்தில்தான் அச்சாகியிருந்தது.

வாசிப்பு: ஃபிராக்டூரின் நீண்ட ‘எஸ்’, ‘எஃப்’ போலத் தெரியும். ஆன்டிக்வா அயல்நாட்டாருக்கும் எளிது.

சின்னம்: கழுகும் ஸ்வஸ்திகாவும் இரண்டோடும் வரும்.

1935 கட்சிக் கூட்டக் காட்சிக்கு ஃபிராக்டூர். 1943 போர்க்காலக் காட்சிக்கு ஆன்டிக்வா. விதிவிலக்கும் உண்டு: 1932 தேர்தல் சுவரொட்டியில் கறுப்புப் பின்னணி, மிதக்கும் முகம், அடியில் ‘ஹிட்லர்’ என்று அலங்காரமற்ற வெள்ளை எழுத்து.