முதியோர் குடியிருப்பில் ஹோம் கேர் சேவை: காரைக்குடிப் பக்கம் மூன்று வருடம் எடுத்ததில் தெரிந்தவை

பிள்ளைகள் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்க, முற்றம் வைத்த பெரிய வளவு வீட்டைப் பூட்டிவிட்டுத் தனியார் முதியோர் குடியிருப்பில் தங்கும் ஆச்சிகளும் அய்யாக்களும் இந்தப் பக்கம் கூடிவிட்டார்கள். மெஸ் சாப்பாடு, வாட்ச்மேன், தண்ணீர், ஜெனரேட்டர், கூட்டித் துடைப்பது எல்லாம் குடியிருப்பின் பொறுப்பு. குளிக்க வைப்பது, மருந்து கொடுப்பது, இரவில் துணைக்குப் படுப்பது எல்லாம் வெளியிலிருந்து எடுக்கும் ஹோம் கேர் ஆளின், அதாவது அட்டெண்டரின் வேலை. ஆள் சரியில்லாமல் கெட்டது குறைவு. அட்டெண்டர் பார்ப்பார் என்று குடியிருப்பும், குடியிருப்பு பார்க்கும் என்று அட்டெண்டரும் விட்டதால் கெட்டதுதான் அதிகம்.

இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டெண்டர் டியூட்டிக்கு வந்ததும் 7 மணிக்கு ஊசி போட்டுவிடுவார். மெஸ்ஸில் இட்லி வருவது எட்டேகாலுக்கு. பழைய வகை ரெகுலர், 30/70 கலவை ஊசிகளைப் போட்டு அரை மணியில் சாப்பிட வேண்டும். புதிய வேக வகை என்றால் தட்டு முன்னால் வந்த பிறகு போட்டால் போதும். இடைவெளி ஒரு மணியைத் தாண்டினால் வேர்வை, நடுக்கம், பேச்சில் குழறல். சுகர் 70-க்குக் கீழே போயிருந்தால், முழு நினைவு இருக்கும்போது மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. தீர்வு சாதாரணமானது: ஊசி நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் தட்டோடு கட்டுங்கள். ‘மெஸ்ஸிலிருந்து பாத்திரம் கிளம்பிவிட்டது என்று தெரிந்த பிறகே ஊசி’ என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினால் போதும்.

இதைவிட ஆபத்தான ஒன்று சிரிஞ்சில் இருக்கிறது. நம்மூர் மருந்துக் கடையில் கிடைக்கும் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவருவது 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. 40 குப்பியில் ஆரஞ்சு சிரிஞ்சால் 20 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். மாற்றி, 100 குப்பியில் சிவப்பு சிரிஞ்சால் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போய்விடும். பாசத்தோடு வந்த பெட்டியாக இருந்தாலும் இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள்.

அடுத்தது குளியல். சனிக்கிழமை அய்யாவுக்கும் வெள்ளிக்கிழமை ஆச்சிக்கும் எண்ணெய் தேய்க்காமல் முடியாது. வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பது வீண். புதிய குடியிருப்புகளில் அழகுக்காக ஆத்தங்குடிக் கல் பதிக்கிறார்கள். காய்ந்திருக்கும்போது காலுக்கு இதம்; எண்ணெய்ப் பாதம் பட்டால் வழுக்குப் பாறை. கட்டிலில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிட்டு பாத்ரூமுக்கு நடத்திப் போகும் அந்தப் பத்தடியில்தான் விழுகிறார்கள். பாத்ரூமுக்குள்ளேயே கைப்பிடி வைத்த நாற்காலியில் உட்கார வைத்து, அங்கேயே தேய்த்து, அங்கேயே சீயக்காய் போட்டு அலசி, உள்ளங்காலைத் துண்டால் ஒற்றிய பிறகே எழுப்ப வேண்டும். கைப்பிடிக் கம்பியைப் பலமுள்ள கைப்பக்கம் பதிக்கச் சொல்லுங்கள். துண்டு மாட்டும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது. வாக்கரின் அடி ரப்பர் தேய்ந்து அலுமினியக் குழாய் கல்லில் உரசும் சத்தம் கேட்டால் அன்றைக்கே மாற்றுங்கள். நாலு ரப்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஆடும்.

‘24 மணி நேர ஆள்’ என்பதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே ஆள் தங்கினால் அவரும் தூங்குவார், தூங்கத்தான் வேண்டும். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டிய நிலை என்றால் 12 மணி நேர டியூட்டியில் இரண்டு பேர் வேண்டும். அங்கே மிச்சம் பிடித்தால் படுக்கைப் புண்ணுக்குச் செலவாகும். மோட்டாரால் காற்று ஏறும் ஏர் பெட் இருக்கிறதே என்று புரட்டுவதை விடக் கூடாது. பல இடங்களில் ஜெனரேட்டர் லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான். பெட் மோட்டார் செருகும் பாயிண்டுக்கு வருகிறதா என்று மெயினை அணைத்துப் பாருங்கள்.

லீவு விஷயத்தில் ஏஜென்சி காலண்டரை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய. அட்டெண்டர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டக் கிராமத்துப் பெண்கள். பொங்கல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் இரவு தங்க மாட்டார்கள். அதுவும் பங்குனி வாக்கில் பல ஊர்களில் அடுத்தடுத்து வரும். சேரும்போதே ‘உங்க ஊரில் காப்புக்கட்டு எப்போ?’ என்று கேட்டு எழுதிக்கொண்டு, மாற்று ஆளை இரண்டு நாள் முன்னாலேயே வரவழைத்துக் கூட நிற்க வையுங்கள். வெளி மாவட்டத்து ஆள் என்றால் ‘பாட்டி’ என்று கூப்பிடாமல் ‘ஆச்சி’ என்று கூப்பிடச் சொல்லிவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் முதல் நாள் சாப்பாடு இறங்குவதே அதைப் பொறுத்து.

மாத்திரையில் வரும் தப்பு பெரும்பாலும் ஒரே மாதிரி. கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுப்பார்கள். மருந்து ஒன்றுதான், நிறம் வேறு. நிறம் பார்த்துக் கொடுத்துப் பழகிய அட்டெண்டர் பழையதையும் புதியதையும் சேர்த்தே கொடுத்துவிடுவார். அட்டைக்கு மேல் கம்பெனிப் பெயரை விட்டு மருந்தின் பெயரையும் ‘பிரஷர், காலை 1’ என்பதையும் தமிழில் எழுதுங்கள். புதிய அட்டை வந்தால் பழையதை டப்பாவிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

பென்ஷன் உயிர்வாழ் சான்றுக்கு நவம்பரில் பேங்குக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். தபால்காரரே வீட்டுக்கு வந்து கட்டணத்துக்குச் செய்துகொடுப்பார். விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைக் காட்டிச் செய்யும் ஆப் இருக்கிறது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உட்கார வைத்தால் சீக்கிரம் எடுக்கும்.

அவசரத்துக்கு 108. வாய் கோணுவது, ஒரு பக்கக் கை விழுவது, பேச்சுக் குழறுவது தெரிந்தால் முதலில் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு சுகரைப் பாருங்கள். தாழ் சுகரும் இப்படிக் காட்டும். பக்கவாதம் என்றால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான். இங்கிருந்து மதுரையோ திருச்சியோ போகவே ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடிக்கும். ‘மகனுக்குப் போன் போட்டுக் கேட்டுட்டு’ என்று உட்கார்ந்தால், மகன் அமெரிக்காவில் இருந்தால் அங்கே அது நடு இரவாக இருக்கலாம். மகன் சம்மதத்துக்குக் காத்திராமல் அனுப்பலாம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்ட தாளைக் குடியிருப்பு ஆபீஸிலும் அட்டெண்டரிடமும் கொடுத்து வையுங்கள். இரவில் கேட் சாவி யாரிடம், லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழையுமா என்பதையும் பாருங்கள். சின்ன லிஃப்டில் நுழையாது. அப்படியென்றால் வாடகை கொஞ்சம் கூடினாலும் கீழ்த்தள வீடே கேளுங்கள்.