டௌப்போவா, டரவெராவா? கூடாரத்தை எந்த ஏரிக்கரையில் அடிக்கலாம்?

டிசம்பர், அதாவது இங்கே கோடைக்காலம், நெருங்கினால் ஆக்லாந்தில் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஒரே பேச்சுதான்: இந்த முறை எந்த ஏரி? நியூசிலாந்தின் வடக்குத் தீவில், நடுப்பகுதி முழுக்க எரிமலை வெடிப்பில் பிறந்த ஏரிகள். கூடாரம் போடக் கிளம்புபவர்கள் கடைசியில் டௌப்போவா, ரோட்டோருவா நகரத்துக்குத் தென்கிழக்கே இருக்கும் டரவெராவா என்றுதான் வந்து நிற்பார்கள். இரண்டுக்கும் நான் குடும்பத்தோடு பலமுறை போயிருக்கிறேன். குழந்தைகளோடு கூடாரத்தில் தங்கத்தான் போகிறீர்கள் என்றால் டரவெரா. மலையேறத்தான் போகிறீர்கள் என்றால் டௌப்போ. ஏன் என்று சொல்கிறேன்.

டௌப்போவைப் பார்த்தால் ஏரி என்றே தோன்றாது. 616 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைவிடச் சற்றே சிறியது, அவ்வளவுதான். சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருவெடிப்பில் தரை உள்வாங்கி உண்டான பள்ளம் இது. 1,800 ஆண்டுகளுக்கு முன்பும் ஒருமுறை பெரிதாக வெடித்திருக்கிறது. கரையில் கிடக்கும் சாம்பல் நிற நுரைக்கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். என் சின்னவளுக்கு ஒரு மதியம் முழுக்க அதுவே விளையாட்டு.

இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. இந்த ஏரியின் மைன் விரிகுடாவில், பாறையில் செதுக்கிய மாவோரி (நியூசிலாந்தின் பூர்வகுடி மக்கள்) முகம் ஒன்று இருக்கிறது. 10 மீட்டருக்கு மேல் உயரம். 1970களின் இறுதியில் செதுக்கியது. தண்ணீர் வழியாக மட்டுமே அதைப் பார்க்க முடியும். கயாக் என்கிற சிறு துடுப்புப் படகில் போக ஆசைப்பட்டு, காலை உணவை நிதானமாக முடித்துவிட்டுப் பத்தரை மணிக்குமேல் கிளம்பினோம். போகும்போது ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. திரும்பும்போது அலை மடிமேல் வந்து விழுந்தது. ஒரு மணி நேரத்தில் வரவேண்டிய தூரத்துக்கு இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டோம். அதற்குப் பிறகு டௌப்போவில் ஏழு மணிக்குள் தண்ணீரில் இறங்காவிட்டால் அன்றைக்குக் கயாக் இல்லை என்பது எங்கள் வீட்டு விதி.

டரவெரா 41 சதுர கிலோமீட்டர்தான். சுற்றிலும் காடு, கரைக்கு மேலே, உச்சி பிளந்த டரவெரா மலை. 1886 ஜூன் 10 அதிகாலை அந்த மலை வெடித்தது. சுமார் 120 பேர் இறந்தார்கள். தே வைரோவா கிராமம் சாம்பலிலும் சேற்றிலும் புதைந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுப் பாறைகளும் அன்றோடு மறைந்தன. வெடிப்புக்குச் சில நாள் முன் ஏரியில் ஒரு பேய்ப்படகு போனதைப் பார்த்ததாகச் சொன்னவர்கள் உண்டு. இரவில் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து, இருட்டில் அந்த மலையைப் பார்த்தபடி பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

நான் டரவெராவுக்கு ஓட்டுப் போடுவதற்கு முக்கியக் காரணம் தே ராட்டா விரிகுடாவில் இருக்கும் வெந்நீர்க் கடற்கரை (Hot Water Beach) என்ற முகாம். (வடக்குத் தீவின் கோரமண்டல் தீபகற்பத்தில் இதே பெயரில் ஒரு கடற்கரை இருக்கிறது, முன்பதிவு செய்யும்போது குழம்பிவிடாதீர்கள்.) காரில் அங்கே போக முடியாது. படகு டாக்சியில் போகலாம், இல்லாவிட்டால் தே வைரோவாவிலிருந்து 15 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் நடக்கலாம். ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். மூட்டை முடிச்சோடு குழந்தைகளும் இருந்தால் படகுதான் சரி. கரையோரம் மண்ணுக்கு அடியிலிருந்து வெந்நீர் கசிகிறது. ஏரித் தண்ணீரில் நிற்கும்போது ஒரு கால் ஜில்லென்றும் மறுகால் கதகதப்பாகவும் இருக்கும். அரை அடி நகர்ந்தால் சுரீரென்று சுடும். அதனால் முதலில் பெரியவர்கள் கையை விட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளைகளை இறக்கவேண்டும். இன்னொன்று: நியூசிலாந்தில் எந்த இயற்கை வெந்நீரிலும் தலையை முக்கக்கூடாது. மூக்கு வழியாக அமீபா ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம். அரிதுதான், ஆனால் உயிரை எடுக்கும் நோய்.

நாங்கள் சர்க்கரைவள்ளிக் கிழங்கை, அதாவது இங்கத்திய குமராவை, அலுமினியத் தாளில் சுற்றிச் சுடுமணலில் புதைத்துவிட்டு நீந்தப் போவோம். வந்து தோண்டினால் தோல் தானாகக் கழன்று வரும். ஒருமுறை இட்லி மாவும் கொண்டுபோயிருந்தோம். ஆக்லாந்துக் குளிரில் இரண்டு நாள் வைத்தாலும் அசையாத மாவு, வெதுவெதுப்பான மணல்மேல் துண்டு சுற்றி வைத்த ஒரே இரவில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நின்றது.

டௌப்போவில் இப்படி ஒரு முகாம் கிடையாது என்பதுதான் என் குறை. கூடாரம் போட இடம் தரும் தங்கும் பூங்காக்கள் (holiday parks) அங்கே வசதியானவை: சமையலறை, வெந்நீர்க் குளியல், பத்து நிமிடத்தில் சூப்பர்மார்க்கெட். முதல்முறை கூடாரம் போடுபவர்களுக்கு இது பெரிய நிம்மதிதான். ஆனால் பகல் முழுக்கக் காரில்தான் ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஹூக்கா அருவியை அரை மணியில் பார்த்து முடிக்கலாம். ஊருக்குள்ளேயே வெந்நீர் ஓடை வைகாட்டோ ஆற்றில் கலக்கும் இடத்தில் காசில்லாமல் குளிக்கலாம். விடுமுறையில் கூட்டம் தாங்காது.

டௌப்போவுக்குத் தெற்கே இருக்கும் டொங்கரிரோ எரிமலைப் பாதை வேறு ரகம். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், ஒரு முழு நாள். சிவந்த எரிமலைவாய் ஓரமாக இறங்கினால் மரகதப் பச்சையில் சிறு குளங்கள். மாவோரி மக்களுக்கு அவை புனிதமானவை, தண்ணீரைத் தொடாதீர்கள். தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு என்பதால் ஷட்டில் பஸ்ஸை முன்பே பதிவு செய்யவேண்டும். கோடையிலும் மேலே பனிக்காற்று வீசும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நான் கூட்டிப்போக மாட்டேன்.

மீன் பிடிப்பவர்களுக்கு ஒரு தகவல். இரண்டு ஏரியிலும் டிரவுட் மீன் உண்டு. டௌப்போவுக்குத் தனி உரிமம். நாட்டின் மற்ற இடங்களுக்கான உரிமம் அங்கே செல்லாது. டிரவுட்டை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம், அதனால் சாப்பிட ஆசை இருந்தால் தூண்டிலைத்தான் நம்பவேண்டும். ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்முன் கயாக், தூண்டில், செருப்பு எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துவிடுங்கள். அந்நியப் பாசியும் சிப்பியும் இப்படித்தான் பரவுகின்றன.

நான்கு இரவு கிடைத்தால் முதல் மூன்றை டரவெராவில் கழித்துவிட்டு, கடைசி இரவுக்கு டௌப்போ போங்கள். துணி துவைக்க, தலை குளிக்க அந்தப் பூங்கா வசதி அப்போது தேவைப்படும். டரவெரா முகாமுக்கு முன்பதிவு கட்டாயம். ஜனவரிக்கு இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். திரும்பும் நேரத்தைப் படகுக்காரரிடம் இறங்கும்போதே பேசி முடித்துவிடுங்கள், போன் சிக்னலை நம்பாதீர்கள்.