பிரெஞ்சும் கணினியும் ஒரே பட்டத்தில்: காசுக்கு ஏற்ற படிப்பா?

பல்கலைக்கழகத்துக்கு முன் இங்கே மலேசியாவில் எழுதும் எஸ்.டி.பி.எம் தேர்வின் முடிவு வந்ததிலிருந்து மூன்று பேர் கேட்டுவிட்டார்கள், நீ படித்த படிப்பு எப்படி, நம்ம பிள்ளையைச் சேர்க்கலாமா என்று. தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். பிரெஞ்சு பாதி, கணினி அறிவியல் பாதி, நான்கு ஆண்டு, அதில் மூன்றாம் ஆண்டு பிரான்சில். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

எனக்குச் சொந்த ஊர் சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை. பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வீட்டில் இன்னும் மாறவில்லை. சேர்ந்த புதிதில் ஒட்டுக்கடையில் அப்பாவின் கூட்டாளி ஒருவர் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே, "பிரெஞ்சு படிச்சி யாருகிட்டம்மா பேசப் போற, பழம் வெட்டுறவன்கிட்டயா?" என்றார். "மாமா, நீங்க வெட்டுற செம்பனையை இங்க வச்சதே ஒரு பிரெஞ்சுக்காரர்தான்" என்றேன். உண்மைதான். 1917-இல் ஆன்ரி ஃபோகொன்னியே என்பவர் பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில் போட்டதுதான் இந்த நாட்டில் வியாபாரத்துக்காக நட்ட முதல் செம்பனை, பாமாயில் எடுக்கிற மரம். அதே மனிதர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930-இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கொன்கூர் பரிசும் வாங்கினார். மாமா நம்பவில்லை. "தென்னமரத்துல செம்பனையா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சரி, படிப்புக்கு வருவோம். பிரெஞ்சில் ஒரு சொல்கூடத் தெரியாமல் போனாலும் சேர்த்துக்கொள்வார்கள், அடிப்படையிலிருந்து தொடங்கும் தனி வகுப்பு உண்டு. ஆனால் ஓட்டம் பயங்கரம், முதல் ஆண்டு முடிவதற்குள் ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைகளைத் தாண்டி பி1 என்ற இடைநிலை வரை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பக்கத்தில் அதே வாரத்தில் ஜாவா என்ற நிரல்மொழியில் நிரல் எழுதிக் கொடுக்க வேண்டும், இரண்டு துறைக்கும் கெடு ஒரே வெள்ளிக்கிழமை. இரண்டு துறையும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை, இதுதான் என் பெரிய குறை. கால அட்டவணை மோதினால் நாம்தான் இந்தக் கட்டடத்துக்கும் அந்தக் கட்டடத்துக்கும் கடிதம் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், கல்யாண வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகளுக்கு நடுவே ஓடுகிற பிள்ளை மாதிரி.

இன்னொன்று கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் புரோலாக் என்ற நிரல்மொழி சொல்லிக்கொடுத்தார்கள். அது 1972-இல் பிரான்சின் மார்செய் நகரில் அலேன் கோல்மெரோவரும் ஃபிலிப் ரூசெலும் உருவாக்கியது, அதுவும் கணினிக்குப் பிரெஞ்சு வாக்கியங்களைப் புரிய வைக்கும் முயற்சியில் பிறந்தது. எங்கள் படிப்பின் இரண்டு பாதியும் சேரும் இடம் இதைவிட வேறு எது? பன்னிரண்டு வாரமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானாக நூலகத்தில் தேடித் தெரிந்துகொண்டேன். 'கம்ப்யூட்டர்' வேண்டாம் என்று 1955-இல் ஐபிஎம் ஒரு லத்தீன் பேராசிரியரிடம் கேட்டு 'ஓர்தினாத்தர்' என்ற பிரெஞ்சுச் சொல்லை வாங்கிய கதையும் அப்படித்தான் கிடைத்தது. மின்னஞ்சலுக்கு 2003-இல் பிரெஞ்சு அரசாங்கமே 'கூரியெல்' என்று அறிவித்தது, ஆனால் நான் பழகிய பிள்ளைகள் எல்லாம் 'மெயில்' என்றே சொன்னார்கள். நம்ம கதைதான்.

ஆனால் ஒரு நாள் கிடைத்தது, அதற்காகவே ஒரு நட்சத்திரம் கூட்டினேன். சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் சின்ன நிரல். கோடைக்காலத்துக்குப் பிரெஞ்சில் 'எத்தே', மூன்றே எழுத்து, முதலும் கடைசியும் தலையில் சாய்கோடு வைத்தவை. என் கணினி ஒரு கோப்பில் மூன்று என்றது, இன்னொரு கோப்பில் அதே சொல்லுக்கு ஐந்து என்றது, திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்று. சாய்கோடு எழுத்தோடு ஒட்டிய ஒரே குறியாகவும் இருக்கலாம், எழுத்து தனி, கோடு தனி என்று இரண்டாகவும் இருக்கலாம், கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் இரண்டுமே செல்லும். பக்கத்திலிருந்த ஆங்கிலேயப் பையன் தலையைப் பிய்த்துக்கொண்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. 'தமிழ்' என்று தட்டிப் பார்த்தேன்: நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அவனுக்கு விளக்கிச் சொன்னது நான்தான், விரிவுரையாளரும் நின்று கேட்டார்.

பிரான்சு ஆண்டு தனிக் கூத்து. அங்கே விசைப்பலகையே வேறு, எண் அடிக்க ஷிஃப்ட், முற்றுப்புள்ளிக்கும் ஷிஃப்ட், நிரலுக்கு வேண்டிய நெளி அடைப்புக்குறிக்கு இன்னொரு விசையைப் பிடித்துக்கொண்டு எட்ட வேண்டும். தொலைபேசி எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள், தொண்ணூற்றேழுக்கு "நான்கு இருபது, பத்து, ஏழு" என்பார்கள், நான் நான்கு என்று எழுதிவிட்டு அடிக்க, அடுத்த எண் போய்விடும். ஒரு மாதம் யாருக்கும் சரியாகப் போன் போடவில்லை. பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் போனால் யாழ்ப்பாணத் தமிழ், இடியப்பம், சொதி, அழுகை நின்றது.

காசு விஷயம். அப்பா ஈ.பி.எஃப் என்ற ஊழியர் சேமநிதிக் கணக்கிலிருந்து எடுத்தார், கொஞ்சம் உதவித்தொகை, மீதி கடன், இன்னும் கட்டுகிறேன். திரும்பச் செய்யச் சொன்னால் இப்படிச் செய்ய மாட்டேன். கணினிப் பட்டத்தை இங்கேயே உள்ளூரில் முடிப்பேன், பக்கத்தில் கோலாலம்பூர் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி மையத்தில் படித்து டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுதுவேன், அந்தச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. பிரான்சுதான் வேண்டுமென்றால் நேராக அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தையே பார்க்கலாம். 2019-இல் வெளிநாட்டு மாணவர் இளங்கலைக் கட்டணத்தை ஆண்டுக்கு 2,770 யூரோவாக ஏற்றினார்கள், அப்போதும் என் கட்டணத்தோடு பார்த்தால் அது பெட்டிக்காசு, விலக்குக் கொடுத்த பல்கலைக்கழகங்களும் உண்டு.

வேலை? இருக்கிறது. கோலாலம்பூரில் பிரெஞ்சு பேசுபவரைத் தேடும் சேவை மையங்கள் உண்டு, சம்பளமும் பரவாயில்லை, ஆனால் முக்கால்வாசி போனை எடுக்கும் வேலை, நிரல் எழுதக் கூப்பிட மாட்டார்கள். நான் ஒரு வருடம் அப்படிப் போன் எடுத்தேன், பிறகு மென்பொருளை மொழிமாற்றும் வேலைக்கு மாறினேன், அங்கேதான் இரண்டு பாதியும் முதல்முறையாக ஒரே மேசையில் உட்கார்ந்தன.

பக்கத்து வீட்டு அக்கா மகளுக்கு: முதலாமாண்டு நோட்டுகள் எல்லாம் அலமாரியில்தான் இருக்கின்றன, சாயங்காலம் வந்து எடுத்துக்கொள். அகராதி மட்டும் திரும்ப வேண்டும்.