நாட்ஸா, மாக்கா: 737, 777, ஏர்பஸ் 320 எங்கே மாறுகின்றன?

வேகமானியில் 300 நாட்ஸை (நாட்ஸ் என்பது மணிக்கு எத்தனை கடல் மைல் என்ற கணக்கு) விடாமல் பிடித்துக்கொண்டு ஏறும் விமானத்தின் மாக் எண் (ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பது) மேலே போகப்போகக் கூடிக்கொண்டே வரும். காற்று மெலிவதால் அதே 300 நாட்ஸைக் காட்ட அது உண்மையில் இன்னும் வேகமாகப் பறக்க வேண்டும்; குளிர் கூடுவதால் ஒலியின் வேகமும் குறைகிறது. அதனால் ஓர் உயரத்துக்கு மேல் நாட்ஸை விட்டு மாக்கைப் பிடித்தாக வேண்டும். எங்கே மாறுவது?

வேகத்தைக் கணினியிடமே விட்டுவிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. 737-இன் விநாவ் (VNAV), ஏர்பஸ் 320-இன் மேனேஜ்டு முறை ஆகிய இரண்டு தானியங்கி முறைகளுமே காஸ்ட் இண்டெக்ஸ் (நேரச் செலவையும் எரிபொருள் செலவையும் ஒப்பிடும் எண்) முதலியவற்றை வைத்து ஏறும் வேகத்தையும் மாக்கையும் கணக்கிட்டு, இரண்டும் சந்திக்கும் உயரத்தில் மாறுகின்றன. 300 நாட்ஸும் மாக் 0.78-ம் சுமார் 29,300 அடியில் சந்திக்கும்.

கட்டுப்பாட்டு அறை ஒரு வேகத்தைச் சொல்லி, விமானி அதைக் கையால் வைக்கும்போதுதான் வேறுபாடு தெரியும்.

737 என்ஜி (NG) தலைமுறையில் உயரம்தான் கணக்கு: சுமார் 26,000 அடியில் தானாக மாறிவிடும். அங்கே 300 நாட்ஸ் என்பது மாக் 0.73 மட்டுமே. கவனிக்காமல் விட்டால் அந்த 0.73-ஐப் பிடித்தபடியே விமானம் ஏறும், நாட்ஸ் இறங்கிக்கொண்டே வரும். சரி என்று உடனே 0.78 வைத்தால், 320 நாட்ஸை எட்ட முடுக்கும். ஏறும் வீதம் அடிபடும். நாட்ஸ், மாக் இரண்டுக்கும் இடையே மாற்றும் சி/ஓ பொத்தானை அழுத்தி நாட்ஸுக்குத் திரும்பி, 29,000 அடி தாண்டியபின் மறுபடி அழுத்துவதே நல்லது. இறங்கும்போதும் இதே தொல்லைதான். 0.78-ஐப் பிடித்தபடி 26,000 வரை வந்தால் 320 நாட்ஸைத் தாண்டியிருக்கும். உச்ச வரம்பு 340.

777 உயரத்தைப் பார்ப்பதில்லை. ஏறும்போது மாக் 0.84 வந்ததும் மாக்குக்கும், இறங்கும்போது 310 நாட்ஸ் வந்ததும் நாட்ஸுக்கும் மாறும். 310-இல் ஏறினால் சுமார் 31,500 அடியில் மாற்றம். 290-இல் ஏறினால் 34,500 வரை பொறுத்திருக்கும். எனக்கு இதுவே சரியான வழியாகப் படுகிறது. மேலே நெருக்குவது மாக் வரம்பு, கீழே நெருக்குவது நாட்ஸ் வரம்பு. மாற்றமும் அவற்றைப் பார்த்தே நடக்க வேண்டும். குறை ஒன்று உண்டு: 0.82-இல் ஏறச் சொன்னாலோ, 280 நாட்ஸில் இறங்கச் சொன்னாலோ தானியங்கி மாற்றம் உதவாது. விமானியே முந்திக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும்.