தமிழ்க் கையேடு எழுத லேடெக்: ஒரு பயனரின் மதிப்பீடு

நீர்மூழ்கி மோட்டார் பராமரிப்பு குறித்து ஏறத்தாழ 140 பக்கம் வரும் தமிழ்க் கையேடு ஒன்றை முழுவதும் லேடெக் என்னும் ஆவண வடிவமைப்பு மென்பொருளிலேயே எழுதி முடித்திருக்கிறேன். வேர்டு போன்ற சொல்செயலிக்குப் பழகிய தொழில்நுட்ப எழுத்தாளர்கள் இதற்கு மாறலாமா என்று கேட்பதால் இந்த மதிப்பீடு.

தம் நூலின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தரம் பிடிக்காமல், கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத் 1977இல் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் எழுப்பியதே லேடெக். கட்டணம் ஏதுமில்லை. இதில் எழுதுபவர் எழுத்தின் அளவையும் தடிமனையும் குறிப்பதில்லை. இது இயல், இது எச்சரிக்கை, இது படம் என்று ஒவ்வொன்றின் பணியையே குறிக்கிறார். இதனால் என்ன பயன் என்பது, கையேட்டின் நடுவில் புதிதாக ஓர் இயலைச் சேர்த்தபோது, படங்களின் எண்களோடு ‘படம் 17ஐக் காண்க’ போன்ற குறிப்புகளும் தாமாகவே மாறிக்கொண்டதில் எனக்கு விளங்கியது. எச்சரிக்கை என்று குறிக்கத் தகுதியற்ற பல வரிகளை நான் நீக்கியதும் இந்தப் பழக்கத்தால்தான்.

யூனிகோடு தமிழை நேரடியாக ஏற்கும் டெக் வடிவமான ஸீடெக் 2004இல் வந்தபின் எழுத்துருச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. வரிமுறிப்பு வேறு கதை. டெக் பத்தி முழுவதையும் ஒருசேரக் கணக்கிட்டு வரிகளை முறிப்பதால் பக்கம் சீராக அமைகிறது. ஆனால் ‘பொருத்தப்பட்டிருக்கவேண்டும்’ போன்ற சொற்கள் அட்டவணையின் குறுகிய கட்டங்களில் எல்லை தாண்டி நிற்கும். சொல்லை உடைக்கும்போது சிறுகோடு இடாததே தமிழ் அச்சு மரபு என்பதால், அந்தக் கோடு வராதபடி அமைப்பையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

மிகுந்த நேரத்தை விழுங்கியது சொல்லடைவு. யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்பே இடம்பெற்றுள்ளது. நம் நெடுங்கணக்கிலோ அது மெய்வரிசையின் கடைசி எழுத்து. சொல்லடைவை வரிசைப்படுத்தும் பழைய மேக்இண்டெக்ஸ் நிரலுக்கு இந்த வேறுபாடு தெரியாததால், ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசைக் குறிப்பை நானே எழுதினேன்.

பிழைச்செய்திகள் புதியவரை மிரட்டும். ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும், குற்றம் எங்கோ தொலைவில் நிகழ்ந்ததாகவே அவை சொல்லும். என் கையேட்டைச் செம்மை செய்தவர் வேர்டு கோப்பில்தான் திருத்துவேன் என்றதால், அவருடைய மாற்றங்களை ஒவ்வொன்றாக நானே ஏற்ற வேண்டியதாயிற்று. பத்துப் பக்கச் சுற்றறிக்கைக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. படங்களும் அட்டவணைகளும் நிறைந்து, ஆண்டுதோறும் திருத்தப்படும் கையேடு என்றால், முதல் மாதத்துத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு இதற்கே மாறலாம்.